கொடையும் கணக்கும்

காட்டுமன்னார்கோயில் என்ற இவ்வூரின் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள ஒரு கல்வெட்டைத் தமிழ்நாடு முழுவதும் அறியும். முதலாம் இராசராசன் ஆட்சியின் தொடக்கத்தில் வெட்டப்பட்டது அது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையில் துரோகிகளான சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரின் உடைமைகளையும் உறவினர் உடைமைகளையும் பறிமுதல் செய்யச் சொல்லி, வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் விடுத்த ஆணை அதில் இருக்கிறது. கொலையாளி யார் என்று தேடியே பலரும் அந்தக் கல்வெட்டை வாசிக்கிறார்கள். கடைசி வரை வாசித்தால் அது ஓர் அறக்கொடைச் சாசனம் என்பது விளங்கும். பறிமுதலான நிலத்தைச் சபை விற்றது. ஒருவர் விலை கொடுத்து வாங்கினார். நாள்தோறும் பிராமணர்க்கு உணவிடவும் தண்ணீர் வைக்கவும் அதை அறமாக விட்டார். அந்த நிலம் தம் கைக்கு எப்படி வந்தது, வேறு எவருக்கும் அதில் உரிமை இல்லை என்பது எப்படி உறுதியாகிறது என்று காட்டத்தான் அரசாணை அங்கே எடுத்துச் சொல்லப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கொடையாளி செய்த காரியத்தைக் கவனியுங்கள். கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. சொத்தின் மூலம், நோக்கம், பொறுப்பு எல்லாவற்றையும் ஊரார் கண்ணில் படும் இடத்தில் கல்லில் வெட்டி வைத்தார்.

இன்றைய உரையின் பொருள், உள்ளூர் அறப்பணி அமைப்புகளுக்குத் தரப்படும் நிதி ஒரு நகரத்தை, ஓர் ஊரை எப்படி வலுப்படுத்துகிறது என்பது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து எவ்வளவு பணம் வந்தாலும் ஊர் தானாக வலுப்பெறுவதில்லை. அந்தப் பணத்தை ஏற்று, நிர்வகித்து, தன் மக்களுக்குக் கணக்குச் சொல்லும் ஓர் அமைப்பு உள்ளூரில் இருந்தால், சிறிய தொகையும் ஊரை வலுப்படுத்தும். அப்படி ஓர் அமைப்பு இல்லையென்றால் பெரிய தொகையும் ஊரைப் பிளந்துவிட்டுப் போகும். ஆகவே கொடையாளிகள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “எவ்வளவு கொடுக்கலாம்?” என்பதற்கு முன்னால், “இதற்கு யார் யாரிடம் கணக்குச் சொல்வார்கள்?” என்பதாக இருக்க வேண்டும். இந்தக் கருத்துக்குச் சான்றுகளை முதலில் வைக்கிறேன். பிறகு இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் மிகுதியாகக் காணப்படும் கொடை, கோயிலில் நந்தா விளக்கு எரிப்பதற்கான கொடை. ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள். தஞ்சைப் பெரிய கோயிலில் 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று சமன்பாடே வகுத்திருந்தார்கள். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு சாகும், மூப்படையும். ஆனால் மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது என்பது ஒப்பந்தம். ஆட்டை ஏற்ற இடையர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ யார் பொறுப்பேற்பது என்பதற்கு அவருடைய உறவினரைப் பிணையாகப் பெயர் சொல்லி எழுதினார்கள். பணக் கொடையிலும் இதே முறைதான். பெரிய கோயிலுக்கு வந்த காசு ஊர்ச் சபைகளிடம் கடனாகக் கொடுக்கப்பட்டது. ஆண்டுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை பொலிசை (வட்டி). முதலை யாரும் தொடக் கூடாது. அந்த முதல் சபையின் கையில் இருக்கும். பொலிசை கோயிலுக்கு வரும். ஒரு விளக்கின் பெயரால் கொடுத்த சிறு கொடை, இடையர் குடும்பத்துக்கு மந்தையாகவும் ஊர்ச் சபைக்கு மூலதனமாகவும் கோயிலுக்கு நெய்யாகவும் மூன்று இடங்களில் வேலை செய்தது. அந்த மூன்று தரப்பையும் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டவர்களாகக் கட்டியும் வைத்தது. கொடை ஊரை வலுப்படுத்தும் வழி இதுதான்: பணம் கைமாறும் இடத்தில் பொறுப்பும் கைமாறுகிறது.

பொறுப்பை ஏற்க ஒரு சபை இருந்தால் போதுமா? போதாது. சபை தன் உறுப்பினர்களையே கண்காணிக்க வேண்டும். இவ்வூருக்கு வீரநாராயணன் என்ற தன் பெயரைத் தந்த முதலாம் பராந்தகனின் காலத்தில்தான், 919இலும் 921இலும், உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டுகள் வெட்டப்பட்டன. அவற்றைத் தேர்தலின் தொடக்கம் என்று பள்ளிப் பாடங்களில் கொண்டாடுகிறோம். தேர்தலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவற்றில் உள்ள தகுதியின்மைப் பட்டியல். முன்பு வாரியம் எனப்படும் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் இட முடியாது. ஆண்டு வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர், பதவிக்காலம் ஓராண்டு. ஏரியைத் தூர் வாருவதற்கென்று தனியார் சபையிடம் கொடுத்த பொன்னும் நிலமும் பாதுகாப்பாக இருந்தது இத்தகைய விதிகளால்தான். பொதுச் சொத்தைப் பயனாளிகளே காக்க முடியுமா என்ற கேள்விக்கு உலகெங்கும் சான்று தேடிய எலினோர் ஆஸ்ட்ரம், அந்த ஆய்வுக்காக 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். நீண்ட காலம் நிலைத்த அமைப்புகளில் விதிகளை உள்ளூர்க்காரர்களே வகுத்திருந்தார்கள், கண்காணிப்போர் பயனாளிகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தார்கள் என்பது அவர் கண்ட முடிவு. ஏரி வாரியத்தின் ஏற்பாடும் அதைத்தான் காட்டுகிறது.

இந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் வரலாற்றில் சான்று இருக்கிறது. ஏரிகளையும் வாய்க்கால்களையும் பராமரிக்க விளைச்சலில் ஒரு பங்கையும் மானிய நிலங்களையும் ஒதுக்கும் வழக்கம் பல பகுதிகளில் இருந்தது. ஆங்கிலேயக் கம்பெனியின் நிலவரி முறை அந்தப் பங்குகளையும் மானியங்களையும் பெருமளவு வருவாய்க் கணக்குக்குள் இழுத்துக்கொண்டது. வளத்தை எடுத்துக்கொண்டு, உழைப்பை மட்டும் ஊராரிடம் எதிர்பார்த்தது. உழைக்க ஆள் வராதபோது 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஊராரே நீர்நிலைகளைப் பராமரிக்கும் குடிமராமத்தைச் சட்டத்தாலும் உயிர்ப்பிக்க முடியவில்லை. கையில் முதல் இல்லாத ஊரிடம் பொறுப்பை மட்டும் சுமத்தினால் அது நிற்காது என்பதே இதன் பாடம். இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதி ஏரிகளை ஆராய்ந்த டேவிட் மோஸ், பழைய குடிமராமத்து எல்லோரும் மனமொத்துச் செய்த வேலை என்று எண்ணுவது பிழை என்றும், அதில் அதிகாரமும் சாதியும் ஊடுருவியிருந்தன என்றும் காட்டினார். அவர் சொல்வது சரி. பொற்காலத்துக்குத் திரும்புவோம் என்று நான் அழைக்கவில்லை. முதலும் பொறுப்பும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்ற ஒரு விதியை மட்டும் அந்தக் காலத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். 2017இல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது, முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுக்கப்பட்டன. பாசனதாரர்கள் பத்தில் ஒரு பங்கைத் தாங்களே ஏற்க வேண்டும் என்று விதி இருந்தது. அந்தப் பத்தில் ஒரு பங்கை உழவர்கள் உண்மையாகவே போட்ட இடத்தில் அவர்கள் கரையில் நின்று வேலையைக் கேள்வி கேட்பார்கள். ஒப்பந்ததாரரே அவர்கள் பெயரில் கட்டிவிட்ட இடத்தில் கேள்வி கேட்க ஆள் இருக்காது.

இனி இக்காலச் சான்றுக்கு வருகிறேன். சிறு அமைப்புகளால் ஒரு நகரம் உண்மையில் மாறுகிறதா என்பதை எண்ணிக்கையில் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் பேட்ரிக் ஷார்க்கியும் உடன் ஆய்வாளர்களும் 264 நகரங்களின் இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தரவுகளை ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு இலட்சம் மக்களுக்கு உள்ளூர்ச் சமூக அமைப்புகள் பத்து கூடினால், கொலைக் குற்றங்கள் சுமார் 9 விழுக்காடும் வன்குற்றங்கள் சுமார் 6 விழுக்காடும் குறைந்தன என்று அவர்கள் கண்டார்கள். இளைஞர் மன்றம், வேலைப் பயிற்சி, போதை மீட்பு, பூங்காப் பராமரிப்பு என்று பல வகை அமைப்புகள் அவை. பிற காரணிகளைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த விளைவு தனியே தெரிந்தது. தெருவையும் பூங்காவையும் யாரோ ஒரு குழு தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டால், அங்கே வன்முறைக்கு இடம் குறைகிறது. அமெரிக்க நகரத்தின் எண்களை அப்படியே நம் பேரூராட்சிக்குப் பொருத்த முடியாது. ஆனால் இத்தகைய அமைப்புகள் நன்மனம் படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இந்த ஆய்வு போதும்.

நேர்மாறான சான்று நம் கடலூர் மாவட்டக் கடற்கரையிலேயே கிடக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின், உலகம் தமிழகக் கடற்கரைக்கு மனமுவந்து அள்ளிக் கொடுத்தது. அந்தக் கருணையை எவரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் பணம் வந்த வேகத்துக்கு ஈடாக அதைப் பெறும் உள்ளூர் அமைப்புகள் இல்லை. கண்ணாடியிழைப் படகைக் கொடுப்பது எளிது, எண்ணிக் காட்டுவது எளிது, படம் எடுப்பது எளிது. ஆகவே தமிழகக் கடற்கரையில் பல இடங்களில் இழந்ததைவிட அதிகமான படகுகள் வந்து சேர்ந்தன. மீனைத் தலையில் சுமந்து விற்ற பெண்களும், கடலுக்குப் போகாத கூலித் தொழிலாளரும், உப்புப் படிந்த வயலின் தலித் உழவுத் தொழிலாளரும் பட்டியலின் கடைசியில் நின்றார்கள். பன்னாட்டு நிறுவனங்கள் கூடிச் செய்த மதிப்பீடு 2006இல் வந்தது. ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட ஒருவருக்குச் சராசரியாக 7,100 டாலர் திரண்டது. அதே 2004இல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்குத் தலைக்கு 3 டாலர்தான் கிடைத்தது என்று அது கணக்கிட்டது. உள்ளூர் மக்களின் திறனையும் அவர்களுடைய முன்னுரிமையையும் பின்தள்ளியதே பெருங்குறை என்றும் அது சொன்னது. நாகப்பட்டினத்தில் தொண்டு நிறுவனங்களை ஒருங்கிணைக்க ஒரு மையம் அமைந்த பிறகே அங்கே யார் எந்தக் கிராமத்தில் என்ன செய்கிறார்கள் என்ற தகவல் ஓரிடத்தில் திரண்டது. பேரிடர் வந்த பின் இப்படி ஓர் அமைப்பைத் தேடுவதைவிட, வருவதற்கு முன்பே அதை வளர்த்து வைப்பது அறிவு. 2011 இறுதியில் தானே புயலும் 2015இல் பெருவெள்ளமும் இதே மாவட்டத்தைத் தாக்கின. அடுத்ததும் வரும்.

இப்போது மறுப்புகளைக் கேட்போம். முதல் மறுப்பு: பள்ளியும் மருத்துவமும் குடிநீரும் அரசின் கடமை, கொடையைப் பாராட்டினால் அரசு கைகழுவிவிடும். இதில் பாதி உண்மை. அடிப்படைச் சேவைகள் வரிப்பணத்தில், உரிமையாக வர வேண்டும். அவற்றைக் கொடையாளியின் மனநிலைக்கு விட முடியாது. ஆனால் அரசு எந்தக் கடமையை முதலில் உணர்கிறது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? பெரும்பாலும் உள்ளூரில் சிறிய அளவில் செய்து காட்டியவர்கள்தான். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோது, தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துவது தன் கடமை என்று அன்றைய ஆட்சி முழுமையாக எண்ணவில்லை. நன்கொடை திரட்டி அவர் நடத்திக் காட்டினார். சட்டமன்றத்தில் குரல் கொடுத்தார். அந்தப் பள்ளி இன்று அரசு மேல்நிலைப் பள்ளியாக நிற்கிறது. இந்த மாவட்டத்திலேயே வடலூரில் 1867இல் வள்ளலார் சத்திய தருமசாலையைத் தொடங்கியபோது, பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை அளித்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறது. அரசுப் பள்ளிகளில் மதிய உணவு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, பசித்தவருக்குச் சாதி கேட்காமல் சோறு போடலாம் என்று ஒரு சிற்றூர் செய்து காட்டிவிட்டது. இப்படி வழி காட்டும் கொடையால் அரசின் கடமை குறைவதில்லை, கூடுகிறது. அமெரிக்கத் தொழிலதிபர் கார்னகியின் நிதியால் 1883க்கும் 1929க்கும் இடையில் உலகெங்கும் 2,500க்கு மேற்பட்ட நூலகங்கள் எழுந்தன; அதற்கு அவர் பொதுவாக ஒரு நிபந்தனை விதித்தார்: நிலத்தை ஊர் தர வேண்டும், கட்டட நிதியில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் வரிப்பணத்திலிருந்து பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும். கொடை அரசைக் கடமைக்குள் கொண்டுவந்து கட்டிப்போட்டது.

இரண்டாவது மறுப்பு: அறக்கட்டளைச் சொத்தை நிர்வாகிகளே தின்றுவிடுவார்கள். இதையும் மறைக்க வேண்டியதில்லை. 1794இல் பச்சையப்ப முதலியார் தம் செல்வத்தை அறத்துக்கு எழுதி வைத்துவிட்டு மறைந்தார். தில்லைக் கோயிலுக்கும் அவர் திருப்பணி செய்தவர். அவர் பெயரில் சிதம்பரத்தில் இன்றும் பள்ளி நடக்கிறது. ஆனால் அவர் மறைந்த பின் பல பத்தாண்டுகள் அந்தச் சொத்து வழக்கிலும் முறைகேட்டிலும் சிக்கியது. அரசுத் தலைமை வழக்கறிஞராயிருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் முயன்று நீதிமன்றம் வழியாக அதை மீட்ட பிறகே, 1842இல் சென்னையில் பச்சையப்பர் பள்ளி எழுந்தது. பின்னர் அது கல்லூரியாக வளர்ந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு வீணானது. காரணம் என்ன? கொடையின் நோக்கம் தெளிவாக எழுதப்பட்டிருந்தது, கொடையும் பெரியது. ஆனால் கணக்கைக் கேட்கும் உரிமையுள்ள ஒரு சபை இல்லை. நிர்வாகி ஒரு தனிமனிதராக இருந்தார். பயனாளிகள் காசி முதல் குமரி வரை சிதறிக் கிடந்தார்கள். ஆகவே முறைகேடு நடக்கும் என்பது கொடைக்கு எதிரான வாதமாகாது. தூரத்தில் இருந்துகொண்டு ஒருவரை மட்டும் நம்பிக் கொடுக்கக் கூடாது என்பதற்கே அது வாதம். உள்ளூர் அமைப்பின் பொருளாளர் அதே தெருவில் குடியிருப்பவர். கடைத்தெருவில் அவரை எவரும் நிறுத்திக் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு இடம் தரும் விதிகளை எழுதி வைப்பதுதான் நம் வேலை.

மூன்றாவது மறுப்பு மூன்றிலும் கனமானது. உள்ளூர் என்றால் யார்? வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையில் பிரம்மதேயத்து நிலவுடைமையாளர் இருந்தார்கள். ஏரியை வெட்டியவர்களும் சேற்றில் நட்டவர்களும் இல்லை. உத்திரமேரூரில் சொந்த நிலமும் வேத அறிவும் இல்லாதவரின் பெயர் குடத்துக்குள் விழவே விழாது. உடையார்குடிக் கொடையின் சோறும் ஒரு வருணத்தாருக்கே. இன்றும் ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்து கிடக்கும் இடத்தில், “உள்ளூர்க் குழுவிடம் கொடு” என்றால் அது ஆதிக்கச் சாதியிடம் கொடு என்று ஆகிவிடாதா? ஆகும், விதி இல்லாவிட்டால் கட்டாயம் ஆகும். இந்த மண்ணின் மைந்தரான எல். இளையபெருமாள் தலைமையில் அமைந்த குழு 1969இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கை, ஊர்ப் பொதுக் கிணறும் கோயிலும் பள்ளியும் பொதுவாக இல்லாத நிலையை நாடு முழுவதும் தேடிப் பதிந்தது. அந்த அறிக்கையைத் தந்தவரின் காட்டுமன்னார்கோயிலில் நின்றுகொண்டு இந்த மறுப்பை எளிதாகக் கடந்துபோக எனக்கு உரிமையில்லை. இதற்கு விடை உள்ளூரைக் கைவிடுவதில் இல்லை, உள்ளூர் அமைப்பின் இருக்கைகளை மாற்றி அமைப்பதில் இருக்கிறது. 2005இல் தமிழ்நாட்டில் தொடங்கிய புதுவாழ்வுத் திட்டத்தில், கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்திடம் நிதி நேரடியாகப் போனது. அச்சங்கத்தில் மிக ஏழைகளுக்கும் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் இடம் உறுதி செய்யப்பட்டது. அதைச் சோதிக்க ஒரு சமூகத் தணிக்கைக் குழுவும் இருந்தது. அதன் பின் நடந்த ஆய்வில், திட்டம் நடந்த ஊர்களின் கிராம சபைகளில் பெண்கள் கூடுதலாக வந்தார்கள், கூடுதலாகப் பேசினார்கள், நெடுநேரம் பேசினார்கள் என்று தெரிந்தது. நிதியைக் கையாண்டு பழகியவர்கள் பொதுச் சபையில் வாய் திறந்தார்கள். யாருக்குக் கொடுக்கிறோம் என்பதைப் போலவே, குழுவில் யாரை உட்கார வைக்கிறோம் என்பதும் கொடையாளியின் முடிவுதான்.

இன்றைய சட்டச் சூழல் இந்தப் பேச்சுக்கு அவசரத்தைச் சேர்க்கிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, பெரிய நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. தம்மைச் சுற்றியுள்ள பகுதிக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. ஆனால் அதைச் செயல்படுத்தும் அமைப்புக்குப் பதிவும் மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். பட்டயக் கணக்காளர் இருக்கும் நகரத்து நிறுவனம் இதைத் தாண்டிவிடும். காட்டுமன்னார்கோயிலின் ஒரு நூலக வாசகர் வட்டமோ மகளிர் குழுவோ எளிதில் தாண்டாது. முன்பு பெரிய தொண்டு நிறுவனங்கள் வெளிநாட்டு நன்கொடையைப் பெற்றுச் சிறு அமைப்புகளுக்குப் பகிர்ந்தளித்தன. 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்கு வந்த திருத்தம் அப்படிப் பகிர்வதைத் தடுத்துவிட்டது. நிர்வாகச் செலவின் வரம்பையும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. மேலிருந்து கீழே தண்ணீர் வந்த வாய்க்கால் அடைபட்டிருக்கிறது. இந்த நிலையில் உள்ளூரில் திரளும் நிதியே உள்ளூர் அமைப்புகளுக்கு நம்பகமான ஊற்று. அதைக் கொடுப்போர் ஒரு பழக்கத்தை விட வேண்டும். கட்டடத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் கொடுக்கிறோம். கணக்கு எழுதுபவரின் சம்பளத்துக்கும் நூலகத்தைத் திறந்து மூடுபவரின் மாதப்படிக்கும் கொடுக்கத் தயங்குகிறோம். பெயிண்ட் மங்காத கட்டடம் பூட்டிக் கிடக்கும் காட்சிக்கு இதுவே காரணம். நந்தா விளக்குக்குக் கொடுத்தவர் விளக்குத் தண்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. நெய்க்கு வழி செய்துவிட்டுத்தான் போனார்.

இந்த ஊருக்கே உரிய ஒரு வாய்ப்பையும் சொல்ல வேண்டும். கொள்ளிடம் கீழணையிலிருந்து வடவாறு வழியாக நிரம்பும் வீராணம், 1,465 மில்லியன் கன அடி கொள்ளளவு உடையது. சுமார் 45,000 ஏக்கர் பாசனத்துக்கு ஆதாரம். 2004 முதல் ஏறத்தாழ 235 கிலோமீட்டர் குழாய் வழியாக நாளொன்றுக்குச் சுமார் 18 கோடி லிட்டர் வரை நீர் சென்னைக்குப் போகிறது. சென்னை குடிக்கும் நீரின் கரையில் வாழும் ஊர்களுக்குச் சென்னையின் கடமை என்ன? நியூயார்க் நகரம் இதற்கு ஒரு விடை கண்டது. கேட்ஸ்கில் மலைப்பகுதியிலிருந்து வரும் குடிநீரைக் காக்க, 1997இல் அந்தப் பகுதி ஊர்களோடு உடன்பாடு செய்துகொண்டது. நகரம் பணம் தந்தது. அதைப் பங்கிட கேட்ஸ்கில் நீர்ப்பிடிப்புக் கழகம் என்ற இலாப நோக்கற்ற உள்ளூர் அமைப்பு உருவானது. அதன் நிர்வாகக் குழுவில் பெரும்பாலோர் அந்த மலை ஊர்களைச் சேர்ந்தவர்கள். கழிவுநீர்த் தொட்டி சீரமைப்பு முதல் சிறுதொழில் கடன் வரை அந்த அமைப்பு நிதி நல்கியது. பல நூறு கோடி டாலர் செலவாகும் வடிகட்டும் ஆலையைக் கட்டாமலே நகரத்துக்கு நல்ல நீர் தொடர்ந்து கிடைத்தது. வீராணத்துக்கும் அப்படி ஒரு நிதி வேண்டும். சென்னையின் குடிநீர்க் கட்டணத்தில் ஒரு சிறு பங்கு, இந்த ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களின் உழவர், உழவுத் தொழிலாளர், பெண்கள், லால்பேட்டையிலும் சேத்தியாத்தோப்பிலும் வாழ்வோர் என எல்லோரும் இடம்பெறும் ஓர் அமைப்பின் வழியாக, கரைக்கும் கழிவுநீர்த் தடுப்புக்கும் பள்ளிக்கும் வர வேண்டும். இது பிச்சை கேட்பது ஆகாது. ஒரு நீரைப் பகிர்ந்துகொள்வோர் ஒரு கடமையையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே கோரிக்கை.

முடிவாக, கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று. கொடுப்போர் ஒரே ஆண்டில் பெருந்தொகையைக் கொட்டுவதைவிட, முதலைக் காத்து ஆண்டுதோறும் சிறுதொகை வரும்படி கொடுக்க வேண்டும். அதில் ஒரு பகுதியைக் கணக்குக்கும் ஆளுக்கும் மனமுவந்து ஒதுக்க வேண்டும். பெறும் அமைப்புகள் ஊரின் எல்லாத் தெருக்களுக்கும் குழுவில் இடம் தந்து, பொறுப்பில் இருந்தவர் சில ஆண்டுகள் விலகி நிற்கும் விதியை எழுதி வைக்க வேண்டும். பொதுமக்கள் கணக்கைக் கேட்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அவற்றில் ஒரு நாளில், ஊரின் பெயரால் பணம் பெற்ற ஒவ்வோர் அமைப்பும் தன் வரவு செலவை எழுந்து நின்று வாசிக்கட்டும். பேரூராட்சியில் வாழும் நாமும் அதற்கென ஒரு பொதுநாளை வைத்துக்கொள்வோம். இந்த மேடையை அமைத்துத் தந்த அறக்கட்டளையே அந்த வாசிப்பைத் தொடங்கி வைக்கும்படி வேண்டிக்கொண்டு, என் உரையை நிறைவு செய்கிறேன். வணக்கம்.